குழாயை மிதிக்காமல் நில்லுங்கோ

மச்சான்,

இன்று காலை வெண்கட்டியும் கையுமாகக் கராஜ் நிலத்தில் குந்தியிருந்தபடி உன்னை நினைத்தேன். நினைத்தேன் என்ன, நல்லாத் திட்டினேன். வெளியே எங்கள் கிரவீன் ஊரின் குளிர் பல்லைக் கிட்ட வைத்தது. நீ போட்ட நிலம் மட்டும் நேற்றைய வெயிலை வைத்துக்கொண்டு உள்ளங்காலுக்கு இதமாக இருந்தது.

புதிதாக வாங்கிய மரம் அரியும் மெசின் ஓடும்போது அதிர்ந்து இடம் மாறுகிறது. போன கிழமை என் விரல் தப்பியதே பெரிய காரியம். நிலத்தில் துளை போட்டு இறுக்காவிட்டால் கராஜைப் பூட்டித் திறப்பை ஒளித்துவிடுவேன் என்று மனைவி சொல்லிவிட்டாள். துளை போடலாம், எங்கே போடுவது? கொங்கிறீற்றுக்குள் நீ வளைத்து வளைத்துப் பரப்பிய வெந்நீர்க் குழாய் எந்த வழியாகப் போகிறது என்று உனக்கல்லவோ தெரியும். ஒரு இடத்தில் பட்டால் முழு நிலமும் குளிர்ந்துவிடும். திருத்த நீயும் இப்போது உயிரோடு இல்லை. உன் கையால் எனக்கு மிஞ்சியது இந்தச் சூடுதான், அதையும் நானே கெடுத்துவிடுவேனோ என்று பயந்தேன்.

எனக்கு இந்த ஏற்பாடு அன்றும் விளங்கவில்லை, இன்றும் விளங்கவில்லை. கூரைத் தகட்டில் வெயிலுக்குத் தண்ணீர் சுடுகிறது, பம்ப் அதை நிலத்துக்குள் ஓட்டுகிறது, அதுவரை சரி. முதல் நாள் மத்தியானமே நிலம் சுடவில்லை என்று உனக்குப் போன் எடுத்தேன். நீ சிரித்தாய். "அவசரப்படாதை. இது ஆறுதலாத்தான் சூடாகும், ஆறுதலாத்தான் ஆறும்." சுவரில் மூன்று வால்வு இருக்கிறது. எது எதற்கென்று தெரியாமல் இப்போதும் குத்துமதிப்பாகத்தான் திருகுகிறேன்.

கொங்கிறீற் ஊற்றுவதற்கு முன்பு, பிறகு உதவும், குழாயைப் படம் எடுத்து வைப்போம் என்றாய். மனைவி அதற்குள் நிறைகுடம் வைத்து, வாழையிலை விரித்து, பட்டுச்சேலையும் கட்டி வந்துவிட்டாள். நல்ல காரியம், எங்களையும் சேர்த்து எடுங்கோ என்றாள். எடுத்தாய். படத்தில் நானும் அவளும் இலையும் குடமும்தான், குழாய் அங்கொன்று இங்கொன்று. குழாய்க்கு எடுத்த படமா, கலியாணப் படமா என்று இன்று எனக்கு எரிச்சல் வந்தது.

மனைவிதான் போனைப் பறித்துப் படத்தைப் பெரிதாக்கினாள். "காலைப் பாருங்கோ. அண்ணை எங்களை ஒரு குழாயாவது மிதிக்க விட்டவரோ?"

அப்போதுதான் உன் சத்தம் காதில் கேட்டது. "குழாயை மிதிக்காமல் நில்லுங்கோ!" குழாய்களுக்கு நடுவில் பாதம் பதித்து நிற்கும்வரை நீ படம் எடுக்கவில்லை.

படத்தில் தெரிந்த கதவு நிலையை வைத்து நாங்கள் நின்ற இடத்தை அளந்தோம். படத்தில் நின்றபடியே என்னை மறுபடி நிற்க வைத்து, இரண்டு பாதத்தையும் சுற்றி அவள் வெண்கட்டியால் கீறினாள். அந்த இரண்டு இடத்துக்கும் வருகிற மாதிரி மெசினை நகர்த்தினோம். துளை போட்டேன். தண்ணீர் வரவில்லை. வெறும் தூசிதான் வந்தது. கண்ணுக்குள் தூசி போய்விட்டது என்று அவளுக்குச் சொன்னேன். அவள் நம்பவில்லை.

மெசின் இப்போது அசையாமல் நிற்கிறது. வால்வு மட்டும் இன்னும் விளங்கவில்லை. கராஜுக்குள் போனால் நான் நேராக நடப்பதில்லை மச்சான், தெரியாத குழாய்களை மிதிக்காமல் காலைத் தூக்கித் தூக்கி வைக்கிறேன்.