ஏழாம் எண்ணில் நிற்கும் பெண்

தெசலோனிக்கி
19 மார்ச் 2009

அன்பு மகள் கிராசியாவுக்கு, அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே சுகம், அப்பாவின் முழங்காலைத் தவிர. அது இப்போதெல்லாம் வீட்டில் மூன்றாவது ஆள் மாதிரி, வருகிறவர்கள் முதலில் அதைத்தான் விசாரிக்கிறார்கள். மெல்போர்னில் நீயும் மாப்பிள்ளையும் குட்டிப் பயலும் சௌக்கியமாக இருக்கிறீர்கள் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். போன் இருக்கும்போது காகிதம் எதற்கு என்பாய். போனில் நான் பாதி சொல்வதற்குள் பயல் அழுகிறான் என்று வைத்துவிடுகிறாய், காகிதம் அப்படி முகத்தில் அடித்தாற்போல் வைக்காது. நான் அனுப்பிய காலுறைகள் வந்து சேர்ந்தனவா என்று இன்னும் ஒரு வார்த்தை இல்லை. சரி, அது கிடக்கட்டும். இன்றைக்கு உன்னிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும், அதனால் பயலைத் தூங்கவைத்துவிட்டு உட்கார்ந்து படி.

இங்கே பத்து நாளாக மூடுபனி. கடலும் காணோம், எதிர்க்கரை மலையும் காணோம், கப்பல் ஊதுகிறது, எந்தப் பக்கத்திலிருந்து என்று தெரிவதில்லை. கடற்கரைச் சாலையில் நடந்தால் கால் நடக்கிறது, மற்றதெல்லாம் மிதக்கிறது. இப்படி மிதந்துகொண்டே செவ்வாயும் வியாழனும் யூத மியூசியத்து ஆவண அறைக்குப் போய்வருகிறேன். பதினொரு வருஷமாக அங்கே எனக்கு ஒரே வேலைதான் என்று உனக்குத் தெரியும், பெயர் தெரியாத முகங்களுக்குப் பெயர் தேடிக் கொடுப்பது. 1941-இல் எடுத்த ஒரு வகுப்புப் போட்டோ இருக்கிறது, முப்பத்தொரு பெண் பிள்ளைகள், நடுவில் ஆசிரியை. அந்த மகராசி பின்பக்கம் எண் போட்டு ஒவ்வொருத்தி பெயரையும் எழுதி வைத்திருக்கிறாள். ஏழாம் எண்ணுக்கு மட்டும் பெராஹா என்று குடும்பப் பெயரோடு நிறுத்திவிட்டாள். வெள்ளைக் கழுத்துப்பட்டி, ஒரு பக்கம் அவிழ்ந்த பின்னல், காமிராவைப் பார்க்காமல் ஓரமாக எதையோ பார்க்கிறாள். மதியம் மூன்று மணிக்கு எனக்குக் கண் சொருகும், உன் அம்மாவைத்தான் தெரியுமே, அப்போது அந்தப் பிள்ளைகள் இடம் மாறி நிற்பார்கள், ஒருத்தி குனிந்து செருப்பு வாரைப் போடுவாள், பின்வரிசையில் ரகசியமாகச் சிரிப்பார்கள். ஏழாம் எண் மட்டும் அசையாமல் நிற்பாள். என் பேரைத் தேடாம தூங்கறியா என்று கேட்பது போல இருக்கும். விழித்தால் எல்லாரும் அவரவர் இடத்தில் இருப்பார்கள்.

போன வருஷம் அந்தப் பெயரைக் கண்டுபிடித்தேன். மூளையைக் கசக்கியதாகப் பெருமை அடித்துக்கொண்டேன், உண்மையில் நம் வழக்கம்தான் கண்டுபிடித்துக் கொடுத்தது. மூத்த பெண்ணுக்கு அப்பாவைப் பெற்றவள் பெயர். என் மாமியார் பெயரைச் சுமந்துகொண்டு திரிகிற உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பள்ளிக்கூடத்துப் பக்கம் பெராஹா என்று இருந்தது ஒரே வீடு, சாக்கு வியாபாரி இசாக் பெராஹா. இசாக்கின் அம்மா ரெய்னா. அப்படியானால் மகளும் ரெய்னாவாகத்தான் இருக்க வேண்டும். பிறப்புப் பதிவேட்டைப் புரட்டினேன், 1933, ரெய்னா, இருந்தாள். அடுத்தது 1943 பட்டியல், ஜெர்மானியர் நம் யூத ஜனங்களைச் சாவு முகாமுக்கு ரயிலேற்றுவதற்கு முன்னால் பதிவேட்டைப் பார்த்து வீடு வீடாக எழுதினார்களே, அது. இசாக் அதற்கு முந்தின வருஷமே கட்டாய வேலையில் கல்லுடைத்துச் செத்துப்போயிருந்தான். மிச்சம் இரண்டே வரி. விதா பெராஹா, விதவை, இருபத்தொன்பது. ரெய்னா பெராஹா, மகள், பத்து. ரயிலில் போய்த் திரும்பி வராதவர்கள் என்று எடுத்துக்கொண்டு, ரெய்னா பெராஹா, 1933–1943 என்று என் கையாலேயே அட்டை எழுதி, போட்டோவுக்குக் கீழே கண்ணாடிக்குள் வைத்தேன். அன்றைக்கு நான் வீட்டுக்குள் நுழைந்ததைப் பார்த்து அப்பாகூட, 'என்னடி, லாட்டரி விழுந்த மாதிரி வர்றே' என்றார். அப்படித்தான் இருந்தது எனக்கு.

இந்த மாதம் பன்னிரண்டாம் தேதி, வியாழக்கிழமை, பனிக்குள்ளிருந்து ஒரு அம்மாள் வந்தாள். குட்டை உருவம், பச்சைக் கோட்டு, ஆளைவிடப் பெரிய கைப்பை. ஏதென்சிலிருந்து தனியாக ரயிலேறி வந்திருக்கிறாள், இந்த ஊரில் கால் வைத்து அறுபத்தாறு வருஷம் ஆயிற்றாம். நேராக அந்தப் போட்டோ முன்னால் போய் நின்றாள். நான் வழக்கம்போல என் பிரதாபத்தை அளக்கக் கிளம்பி, இந்த ஏழாம் எண் யார் தெரியுமா என்று ஆரம்பித்தேன். அவள் சட்டென்று உள்ளங்கையால் அட்டையை மறைத்தாள். 'அந்தப் பேரை வாயால சொல்லிடாதே. மூணு வயசுக்கு அப்புறம் என் காதுபட யாரும் அதைச் சொன்னதில்ல' என்றாள். எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் ஓடவில்லை. பிறகு ஓடியது பார், அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். பின்னல் இல்லை, தலை முழுக்க வெளுத்துவிட்டது, ஆனால் ஓரமாக எதையோ பார்க்கிற அதே கண். செத்துப்போனவள் என்று நான் எழுதி வைத்தவள் என் எதிரே நின்று மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள்.

உள்ளே அழைத்துப்போய் காபி போட்டுக் கொடுத்தேன், பூரிம் பண்டிகைக்குச் செய்த பலகாரம் மிச்சமிருந்தது, அதையும் வைத்தேன். அவள் பெயர் மெர்க்காதா. கேட்டதுமே என் தலையில் நானே குட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. மெர்க்காதா, வாங்கப்பட்டவள்! என் சொந்த அத்தையே ஒரு மெர்க்காதாவாக இருந்தும் எனக்கு உறைக்கவில்லையே. மூன்று வயதில் டைபாய்டு வந்து டாக்டர் கையை விரித்ததும், விதா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மாடி வீட்டு ஜிம்புலிடம் போயிருக்கிறாள். ஜிம்புல் ஆறு பெற்று ஆறையும் உயிரோடு வைத்திருந்தவள். வாசலில் வைத்து ஒற்றைக் காசுக்குப் பிள்ளையை அவளுக்கு விற்று, இனி இது உன் பிள்ளை, என் பிள்ளை இல்லை என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிவிட்டாள். சாவுத் தூதன் ரெய்னாவைத் தேடி வந்தால் அந்தக் கட்டடத்திலேயே ரெய்னா என்று யாரும் இருக்கக் கூடாது. பிள்ளை பிழைத்தது. வளர்ந்ததெல்லாம் பெற்றவள் வீட்டில்தான், ஆனால் பதிவேட்டைத் தவிர வேறெங்கும் ரெய்னா இல்லை. ஆசிரியை ஏன் குடும்பப் பெயரோடு நிறுத்தினாள் என்று இப்போது புரிகிறதா? பதிவேட்டுப் பெயரை எழுதப் பயம், கூப்பிடுகிற பெயர் பதிவேட்டில் இல்லை, பாவம் என்ன செய்வாள். 'அந்தத் தூதனும் உன்னை மாதிரிதான், பதிவேட்டை நம்பி ஏமாந்தவன்' என்று மெர்க்காதா என்னைப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன், வேறு என்ன செய்வது.

ஜிம்புல் குடும்பம் இத்தாலியக் குடிகள், இத்தாலி ஜெர்மனிக்குக் கூட்டாளி என்பதால் அவர்களை அப்போது ஜெர்மானியர் தொடவில்லை. நாற்பத்து மூன்றில் விதா மறுபடி பிள்ளையோடு மாடி ஏறினாள். இந்தத் தடவை காசு வாங்கவில்லையாம். இத்தாலியத் தூதரகத்தில் ஜிம்புல் தனக்கு ஏழு பிள்ளைகள் என்று எழுதிக் கொடுத்து, கோடையில் எல்லாரையும் ஏதென்சுக்குக் கூட்டிப்போய்விட்டாள். 'காசு குடுத்து வாங்கினேன், என் பிள்ளைதான், இதுல பொய் எங்க இருக்கு' என்று சாகும்வரை சொல்வாளாம். அதற்கு முன்பே, விதாவைக் கொண்டுபோக வந்தவர்கள் பட்டியலைப் பார்த்து மகள் எங்கே என்று கேட்டார்கள். ரெய்னா போன வாரம் செத்துப்போய்விட்டாள் என்றாள் விதா. ஏழு வருஷமாக அவள் வாயில் வராத பெயர் அது. மேலே ஜன்னலோரம் நின்று ஜிம்புல் கேட்டுக்கொண்டிருந்தாள். மெர்க்காதா உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தாள், விழித்து இறங்கி வந்தபோது கீழ் வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. வித்தவங்க திரும்ப வந்து வாங்கிப்பாங்கன்னு ரொம்ப நாள் வாசலையே பாத்துட்டிருந்தேன் என்றாள். கிராசியா, நான் வெட்கமில்லாமல் அழுதேன்.

இதற்குள் ஹஸ்தாய் வந்துவிட்டான், ஆவண அறைப் பொறுப்பாளன், நல்ல பிள்ளை, ஆனால் அளவுகோலை விழுங்கினவன் மாதிரி நிற்பான். அட்டையை மாற்றுவதில் யாருக்கும் தகராறு இல்லை. மெர்க்காதா பெராஹா, பிறப்பு 1933 என்று அப்போதே எழுதி வைத்துவிட்டேன். தகராறு பதினைந்தாம் தேதியைப் பற்றி. முதல் ரயில் போன அந்த நாளில் வருஷா வருஷம் மியூசியக் கூடத்தில் ஆளுக்கு ஒரு பக்கமாகப் பட்டியலை வாசிப்போமே, பெராஹா வருகிற பக்கம் என்னுடையது. ஹஸ்தாய் சொன்னான், 'பட்டியல்ல நாம கை வைக்க முடியாது, அது ஆவணம். ஆனா ஞாயித்துக்கிழமை அந்த வரியை விட்டுட்டு வாசிங்க. உயிரோட இருக்கிறவங்களைச் செத்தவங்களோட சேத்து வாசிக்கக் கூடாது.' எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. உள்ளதைச் சொன்னால் எனக்குப் பயம். அந்தப் பெயரை நான் உரக்கச் சொல்லப்போய், எழுபது வருஷமாக விலாசம் தெரியாமல் அலைகிற அந்தத் தூதன் காதில் விழுந்து தொலைத்தால்? சிரிக்காதே, பயலின் தலையணைக்கடியில் நீ பூண்டு வைத்தது எனக்குத் தெரியும்.

ஆனால் மெர்க்காதா வாசி என்றாள். என்னால் முடியாதம்மா, ஆளை விடு என்றேன். அவள் கைப்பையை மடியில் அணைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள், 'அன்னிக்கு எங்கம்மா தனியாத்தான் போனா. நான் மெத்தையில தூங்கிட்டிருந்தேன். அந்தக் காகிதத்துல மட்டும்தான் அவ பக்கத்துல நான் இருக்கேன். நீ என்னைத் தாண்டி வாசிச்சா அவ மறுபடியும் தனியாப் போவா.' ஹஸ்தாய் எழுந்து போய் ஜன்னலைத் திறந்தான், பிறகு மூடினான்.

மூன்று நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வாசித்து அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் அந்தப் பாவம் யார் தலையில்? வாசிக்காமல் விட்டால் அந்தத் தாய் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்? அப்பாவிடம் கேட்டேன். 'அவ உசிரு, அவ அம்மா. நடுவுல நீ யாருடி?' என்றார் முழங்காலுக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டே. சனிக்கிழமை மதியம் சோபாவில் அப்படியே கண்ணயர்ந்துவிட்டேன். பனி இறங்கிய ஒரு நடைமேடை, ரயிலும் இல்லை, ஆட்களும் இல்லை, ஒரு பெண் மட்டும் நடந்துகொண்டிருக்கிறாள். அவசரமில்லாமல், சின்னச் சின்ன அடியாக வைக்கிறாள். ஒரு கையைச் சற்றுத் தாழ்த்தித் தள்ளி வைத்திருக்கிறாள், குழந்தையைப் பிடித்துக்கொண்டு நடக்கிறவர்கள் வைப்பார்களே, அப்படி. அந்தக் கையில் ஒன்றும் இல்லை. என்னைத் திரும்பிப் பார்த்தாள், எவ்வளவு சின்னப் பெண் தெரியுமா, உன்னைவிடச் சின்னவள். எழுந்து முகம் கழுவிக்கொண்டு அப்பாவிடம் வாசிக்கப்போகிறேன் என்று சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை கூடம் நிறைந்திருந்தது. மெர்க்காதா முன்வரிசையில் அதே பச்சைக் கோட்டில், கைப்பை மடியில். என் முறை வந்தது. எழுத்தெல்லாம் எனக்குத் தண்ணீருக்கடியில் கிடப்பது போல் ஆடியது. விதா பெராஹா, இருபத்தொன்பது என்றேன். அதோடு நின்றுவிட்டேன். ஹஸ்தாய் தரையைப் பார்த்தான். தாண்டிப் போய்விடலாம், யாருக்கும் தெரியாது, அடுத்த வரி வேறொரு குடும்பம். மெர்க்காதா என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். ரெய்னா பெராஹா, பத்து என்று வாசித்துவிட்டேன். பெயர்களுக்கு யாரும் பதில் சொல்வதில்லை, அப்படி ஒரு வழக்கமே கிடையாது. அவள் எழுந்தாள், கைப்பை கீழே விழுந்தது, அதை எடுக்கவில்லை. 'இங்கதான் இருக்கேம்மா' என்றாள். அடுத்த அறையிலிருந்து அம்மா கூப்பிட்டால் பதில் கொடுப்போமே, அப்படிச் சொன்னாள். எனக்கு அதற்குமேல் வாசிக்க முடியவில்லை, மீதிப் பக்கத்தை ஹஸ்தாய்தான் வாசித்து முடித்தான்.

பயப்படாதே, நன்றாகத்தான் இருக்கிறாள். நேற்று ஏதென்சிலிருந்து பேசினாள், என் பலகாரத்தில் சர்க்கரை போதாதாம், கொழுப்பைப் பார். பாஸ்கா பண்டிகை வருகிறது, நீ இல்லாத மேசையில் இந்த வருஷமும் உன் நாற்காலியைப் போடுவேன். பயலுக்குக் குளிர்ந்த பால் கொடுக்காதே, மாப்பிள்ளையை ராத்திரி வண்டி ஓட்ட விடாதே. நீங்கள் மூவரும் ஆயுசோடும் ஆரோக்கியத்தோடும் இருக்க ஆண்டவன் காக்கட்டும், உங்கள் வாசலில் எந்தக் கெட்டதும் கால் வைக்காமல் போகட்டும். ஒன்றே ஒன்று மறந்துவிடாதே. எத்தனை வேலை இருந்தாலும், நான் கூப்பிட்டால் ஒரு குரல் கொடு கண்ணு. வேறொன்றும் பேச வேண்டாம், இருக்கேம்மா என்று ஒரு வார்த்தை சொல், போதும்.

அன்பு முத்தங்களுடன்
உன் அம்மா
எஸ்திரேயா