நீல ஜெல்லில் என் கொப்புளம்

மார்ச் 4, செவ்வாய்

இன்று ஒன்பது பேரின் புண்துணிகள் வந்தன. ஒவ்வொன்றையும் பிரித்து, ஊறியிருந்த நீரைப் பிழிந்து குப்பியில் ஏற்றினேன். ஏழாவது தபால்காரருடையது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றுப் பல வருடமாகிறது அவருக்கு. இடது கணுக்காலுக்கு மேல் உள்ளங்கை அகலப் புண், இரண்டு வருடமாக ஆறவில்லை. துணியைத் திறந்ததும் குடலைப் புரட்டிக்கொண்டு வந்தது. முகக்கவசம் இரண்டு போட்டும் பயனில்லை. பதினாறு வருடமாக இந்த ஆய்வகத்தில் இருக்கிறேன், இன்னும் பழகவில்லை.

மார்ச் 5, புதன்

கட்டு மாற்ற வந்த தபால்காரர் கேட்டார்: "ஏம்மா, இந்தப் புண்ணுத் தண்ணியில அப்படி என்னதான் தேடுறீங்க?"

சொன்னேன். "உடம்புக்குள்ள கத்தரி மாதிரி சில நொதிங்க இருக்குங்கய்யா. கெட்டுப்போன சதையை வெட்டி எடுத்துட்டு புதுசுக்கு இடம் விடும். குழந்தை வளர்றதுக்கு, காயம் ஆறுறதுக்கு, எல்லாத்துக்கும் அது வேணும். வேலை முடிஞ்சதும் அடங்கிடணும். உங்க கால்ல அடங்க மாட்டேங்குது. புதுசா வர்ற சதையையும் சேத்து வெட்டுது. மூட்டைத் தேய்க்கிறது, புற்றுநோய் பரவ வழி வெட்டிக் குடுக்கிறதுகூட இந்தக் கும்பல்தான்."

"அப்ப என் மருமகன் மாதிரின்னு சொல்லுங்க. ஓட்டை அடைக்க வந்தவன் சுவரையே இடிச்சுட்டுப் போனான்."

சிரித்துவிட்டேன். அவரும் சிரித்துக்கொண்டே பக்கத்தில் நகர்ந்தார். நான் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினேன். அவர் அதைப் பார்த்துவிட்டார்.

சீ, என்ன மனுஷி நான்.

மார்ச் 14, வெள்ளி

ஜெல் ஓட்டி முடித்தேன். ஜெலாட்டின் கலந்த ஜெல்லில் புண்நீரை ஓடவிட்டு நீலச் சாயம் ஏற்றினால், நொதி தின்ற இடம் மட்டும் வெள்ளையாகத் தெரியும். வெள்ளை தடித்திருந்தால் நொதி அதிகம். நொதியை அடக்குமா என்று சோதிக்க ஆறு வாரம் புதுக் களிம்பு தடவியும் தபால்காரரின் வெள்ளை குறையவில்லை. கொஞ்சம் தடித்தே இருக்கிறது.

ஒப்பிட்டுப் பார்க்க, ஒழுங்காக ஆறுகிற காயத்தின் நீர் ஒன்று தேவைப்பட்டது. இஸ்திரிப்பெட்டி சுட்டு என் மணிக்கட்டில் வந்திருந்த கொப்புளத்திலிருந்து எடுத்து வைத்திருந்தேன். என்னுடையது மெல்லிய கோடு. அதன் ஓரத்தில் ஒரு காற்றுக்குமிழ் சிக்கிப் பிறை மாதிரி வடு விட்டுவிட்டது.

படத்தை வாசனை சாரிடம் கொடுத்தேன். எங்கள் ஆய்வகத் தலைவர். புண் நாற்றத்துக்குப் பயந்து சென்ட்டில் குளிப்பதால் நாங்கள் வைத்த பெயர். களிம்பு அவர் கண்டுபிடிப்பு. பார்த்தார். "ம்" என்றார்.

மார்ச் 28, வெள்ளி

கட்டுரையில் பிழை பார்க்கச் சொல்லித் தந்தார்கள். மூன்றாவது படம். அடியில், 'ஏழாம் நோயாளி, களிம்பு தடவிய ஆறாவது வாரம்.' மெல்லிய கோடு. ஓரத்தில் பிறை வடு. இடம் வலமாகத் திருப்பியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

என் கொப்புளம். தபால்காரரின் கால் ஆறிவிட்டது என்று என் கொப்புளம் சாட்சி சொல்கிறது.

போய்க் கேட்டேன். "தெளிவா இருக்கிற படத்தைத்தான்மா போடணும்," என்றார். பிறகு, "உன் காண்ட்ராக்ட் ஜூன்ல முடியுதில்ல? புதுப்பிக்கச் சொல்லி எழுதியிருக்கேன்."

அந்தச் சென்ட். தொண்டைக்குள்ளேயே இறங்கியது.

சரி சார்னு சொன்னேன். மத்த பக்கங்களையும் பிழை பார்த்துக் குடுத்தேன்.

மார்ச் 29, சனி

வீட்டில் இவரிடம் சொன்னேன். "உனக்கெதுக்கு வம்பு? கையெழுத்து போட்டது நீயா?" என்றார். கெட்டவர் இல்லை. அவருக்குப் பயம். எனக்கும்தான்.

ஏப்ரல் 9, புதன்

ஒன்றும் செய்யவில்லை. போனேன், வந்தேன்.

ஏப்ரல் 15, செவ்வாய்

தபால்காரரின் புண் பின்பக்கம் சுற்றிக்கொண்டு போய்விட்டது. கால் வீக்கத்தைக் குறைக்கும் இறுக்கக் கட்டு போடலாமே என்று நர்ஸிடம் கேட்டேன். "போடக் கூடாதுன்னு சார் சொல்லிட்டாருக்கா. களிம்போட பலன் தனியாத் தெரியணுமாம்."

பலன்.

தபால்காரர் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "ஆறிக்கிட்டு வருதுன்னு சார் சொன்னாரும்மா. எனக்குத்தான் கண்ணு சரியில்ல போல."

பதினெட்டு நாளா எனக்குத் தெரியும். பதினெட்டு நாளா அந்தக் களிம்புதான் தடவுறாங்க. புண்ணைப் பார்த்துக் குமட்டின காலம் போய், இப்ப என்னைப் பார்த்தாத்தான் குமட்டுது.

ஏப்ரல் 16, புதன்

அசல் படங்களை எல்லாம் தேதியோடு எடுத்து, ஆராய்ச்சிகளைக் கண்காணிக்கும் குழுவின் அலுவலகத்தில் நேரில் கொடுத்தேன். பெயர் போடாமல் கொடுக்கலாமா என்று யோசித்தேன். 'அது என் கொப்புளம்' என்று எழுதிவிட்டு எப்படி ஒளிந்துகொள்வது? போட்டேன். வீட்டில் சொல்லவில்லை.

மே 20, செவ்வாய்

குழுவின் தீர்ப்பு வந்தது. 'கவனக்குறைவு.' திருப்பி வைத்து, பெயர் மாற்றி ஒட்டியதற்குக் கவனக்குறைவாம்! அதை எவ்வளவு கவனமாகச் செய்திருப்பார்கள். கட்டுரை திரும்பப் பெறப்படும். களிம்புச் சோதனை நேற்றோடு நின்றது. வாசனை சார் அதே அறையில், அதே நாற்காலியில். தாழ்வாரத்தில் எதிரே வந்தார். "நல்லா இரும்மா," என்றார். பதினாறு வருடத்தில் அவர் என்னிடம் அன்பாகப் பேசியது அதுதான். உடம்பெல்லாம் கூசியது.

என் காண்ட்ராக்டை ஆய்வகம் புதுப்பிக்காதாம். கீழ்த்தளத்தில் சிறுநீர்ப் பரிசோதனைக்கு ஆள் வேண்டுமாம், வருகிறாயா என்றார்கள். வருகிறேன் என்றேன். இவரிடம் எல்லாவற்றையும் சொல்லியாயிற்று. படுக்கப் போகும்போது, "அங்கயாவது வாயை வச்சுக்கிட்டு சும்மா இரு," என்றார்.

ஜூன் 17, செவ்வாய்

மின்விசிறி இல்லாத அறை. காலையிலேயே நாற்பது குப்பி. நெடி கண்ணை எரிக்கிறது.

சர்க்கரை பார்க்கத் தபால்காரர் வந்தார். நான் ஏன் இங்கே இருக்கிறேன் என்று அவருக்குத் தெரியாது. முழங்கால்வரை இறுக்கக் கட்டு. ஒரே புலம்பல்: "ஒரு மாசமா இதை இறுக்கிக் கட்டி வச்சிருக்காங்கம்மா. அரிப்பு தாங்கல. அந்தக் களிம்பு எவ்வளவோ தேவலை."

"எந்த இடத்துல அரிக்குது?"

"சுத்தி ஓரமெல்லாம். புண்ணு சின்னதாயிருச்சுன்னு நர்ஸு சொல்லுது. யாரு சொல்றதை நம்புறது? எனக்கு அரிப்புதான் தெரியுது."

"சொறியாதீங்கய்யா," என்றேன். அவர் குப்பியில் எண் எழுதி வரிசையில் வைத்தேன். அவர் முணுமுணுத்துக்கொண்டே படியேறிப் போனார். அடுத்தவரைக் கூப்பிட்டேன்.