நடுக்கத்தை நாங்கள் தவம் என்றோம்

என் அன்புச் சகாயத்துக்கு,

இதை நீ படிக்கப் போவதில்லை. படிக்க வேண்டியவர்கள் நம் கோயில் பங்கில் உயிரோடு இருக்கிறார்கள். அவர்கள் காதிலும் விழட்டும் என்றுதான், தம்பிக்கு எழுதும் கடிதத்தை ஊரறிய எழுதுகிறேன்.

இந்த ஆண்டும் சாம்பல் புதன் திருப்பலி முடிந்ததும் அந்தத் தாளைப் பீடத்தருகே வைத்தார்கள். தவக்காலம் முழுவதும் மதுவைத் தொட மாட்டேன் என்று ஆண்கள் கையெழுத்திடும் தாள். நீ பதினோரு முறை கையெழுத்திட்டிருக்கிறாய். இந்த முறை கையெழுத்து வாங்குவதற்கு முன்னால் நம் சூசை மாமா ஒலிவாங்கியைப் பிடித்து உன்னைப் பற்றிப் பேசினார். எடுத்த நோன்பை விடாமல் நோன்பிலேயே உயிரை விட்டவன் சகாயம், அந்த உறுதி எல்லோருக்கும் வேண்டும் என்றார். உன் மனைவி மேரி மூன்றாவது வரிசையில் முக்காட்டை முகம் மறைய இழுத்துவிட்டுக்கொண்டாள்.

நான் எழுந்து நின்றேன். குரலை உயர்த்தவில்லை.

"அவன் உறுதியால சாகலைங்க மாமா. தினமும் குடிச்சவன் ஒரே நாள்ல நிறுத்துனான், அதனால செத்தான். நாம எல்லாம் பாத்துக்கிட்டு இருந்தோம்."

யாரோ அவசரமாக ஒரு பாட்டைத் தொடங்கினார்கள். கோயிலே சேர்ந்து பாடியது. ஒரு சாவின் காரணத்தை மூடிவைக்க இரண்டு சரணம் போதுமாக இருந்தது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் நடந்ததை நான் வரிசையாகச் சொல்கிறேன். தவறு இருந்தால் நீதான் திருத்த வேண்டும். புதன்கிழமை கையெழுத்திட்டாய். வியாழக்கிழமை லாரிப் பட்டறையில் பெயிண்ட் துப்பாக்கியைப் பிடிக்க முடியாமல் கை ஆடியது என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதையில் சிலுவையை நீதான் தூக்கினாய். கை நடுங்கியது, சட்டை வியர்வையில் ஒட்டிக்கொண்டது. பெண்கள் உன்னைப் பார்த்துக் கண்ணீர் விட்டார்கள். பார், எப்படி உருகுகிறான் என்றார் மாமா. அத்தனை பேரில் ஒருவருக்குக்கூட ஏன் பயம் வரவில்லை?

அன்று மாலை மேரி உன் நடுக்கத்தைப் பற்றி எனக்குத் தொலைபேசியில் சொன்னாள். பசி மயக்கம்தான், கஞ்சி கொடு என்றேன். மறுநாள் காலை, சுவரில் எறும்பு ஊறுகிறது, கூட்டித் தள்ளு என்று நீ அவளிடம் கத்தினாயாம். சுவரில் ஒன்றும் இல்லை. பிறகு வலிப்பு. மருத்துவமனைக்குப் போய்ச் சேரும்வரை நீ இருக்கவில்லை. பல ஆண்டுகள் குடித்த உடம்பு சட்டென்று நிறுத்தினால் இப்படி ஆகலாம், மருத்துவர் பார்வையில்தான் நிறுத்த வேண்டும் என்று அங்கே இருந்த இளம் மருத்துவர் விளக்கினார். நான் திருச்செங்கோட்டில் பொறியியல் மாணவர்களுக்கு வேதியியல் கற்பிக்கிறவன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டேன்.

மாமாமீது எனக்குக் கோபம் உண்டு. ஆனால் அவருக்குத் தெரியாது. நீ என்னிடம் சொல்லியிருந்தாய்.

அந்தச் சாம்பல் புதனுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை ஒரு அட்டை முட்டையோடு என் வீட்டுக்கு வந்தாய். தவக்காலம் வரப்போகிறதே, இவ்வளவு முட்டை எதற்கு என்று கேட்டேன். "நாமக்கல்லுல இருந்துக்கிட்டு முட்டைய உட்டா கோழி கோவிச்சுக்குமுங்ண்ணா" என்றாய். சிரித்தோம். செருப்பை மாட்டும்போது, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாய்.

"அண்ணா, இந்த வருசம் ஒரேடியா உடாம கொஞ்சங் கொஞ்சமாக் கொறச்சுக்கறனே. போன வருசம் மொத வாரம் ரொம்பச் செரமமாப் போச்சுங்ண்ணா."

"சாமிகிட்டப் பேரம் பேசாத" என்றேன்.

சரிங்ண்ணா என்று சொல்லிப் போனாய். மறுத்துப் பேசியிருக்கக் கூடாதா? மூத்தவன் என்பதற்காக ஒரு மூடனிடம் அவ்வளவு மரியாதை எதற்கு?

இந்தத் தவக்காலத்தில் நான் இறைச்சியை விடவில்லை, காப்பியை விடவில்லை. கையெழுத்திட்ட ஒன்பது பேரின் வீடுகளுக்கும் கல்லூரி முடிந்து பேருந்தேறிப் போகிறேன். எத்தனை நாளாகக் குடிக்கிறாய், கை நடுங்குகிறதா, தூக்கம் வருகிறதா என்று கேட்கிறேன். இரண்டு பேர் கதவைத் திறக்கவில்லை. என்னுடைய நோன்பு இவ்வளவுதான்.

தவக்காலத்தின் முதல் வெள்ளிக்கிழமை, அந்த ஒன்பது பேரில் ஒருவனான அருள் வீட்டுக்குப் போனேன். பட்டறையில் உன்னோடு வேலை பார்த்தவன், உனக்கே தெரியும். அவன் கையிலிருந்த டம்ளர் பல்லில் மோதிக்கொண்டிருந்தது. சிலுவைப்பாதைக்கு அழைத்துப் போக மாமா எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார்.

"மூணாம் நாள் அப்படித்தானுங்க மாப்ள இருக்கும். சகாயத்துக்கும் இப்படித்தான் ஆடுச்சு."

"நாலாம் நாள் என்னாச்சுங்க மாமா?"

அருளின் மனைவி செல்வி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஆணியில் தொங்கிய அவன் சட்டையை எடுத்து, "கையத் தூக்குங்க, ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்றாள். பேர் எழுதிட்டனே, சாமிக்குக் கொடுத்த வாக்காச்சே என்று ஆட்டோவில் வழி நெடுக அவன் அழுதான். அரசு மருத்துவமனையில் அன்றே சேர்த்துக்கொண்டார்கள்.

நேர்ச்சையைக் கெடுத்தவன் என்று பங்கில் என்னைப் பேசுகிறார்கள். மாமா என் முகத்தைப் பார்ப்பதில்லை. எனக்கு அதில் குறை ஒன்றும் இல்லை.

நேற்று அருளைப் போய்ப் பார்த்தேன். கை ஆடவில்லை. சுவரைப் பார்த்தபடியே கேட்டான்: "ஊசி, மாத்திரைன்னு எல்லாம் ஏத்திக்கிட்டனே. என்ற நோம்பு முறிஞ்சு போச்சுங்களா, சார்?"

"இல்ல அருளு. இப்பத்தான் ஆரம்பிக்குது. ஈஸ்டரோட முடியாது" என்றேன்.

அவன் நம்பினானா என்று தெரியவில்லை. ஆனால் அவன் கேட்டான், சகாயம். நான் உட்கார்ந்து, முழுவதையும் கேட்டுப் பதில் சொன்னேன்.

இனி ஒவ்வொரு சாம்பல் புதனும் கோயில் வாசலில் நிற்பேன். மருத்துவரைப் பார்க்காத எவனையும் அந்தத் தாளைத் தொட விட மாட்டேன். யார் தடுத்தாலும், யார் பாடினாலும். இது நாற்பது நாளைக்குக் கொடுக்கும் வாக்கு இல்லை. என் ஆயுளுக்கும் கொடுக்கிறேன்.

நீ கேட்டபோது காது கொடுக்காத உன் அண்ணன்,
பிரகாசம்