ஐந்து விநாடி மௌனம்

என்னங்க,

சாப்பிட்டீர்களா என்று கேட்கப் போவதில்லை. குக்கர் எங்கே இருக்கிறதென்று உங்களுக்குத் தெரியும்.

பத்து நாளாக அலமாரிக் கண்ணாடி முன்னால் நின்று என் பிரசன்டேஷனை நான் பேசிப் பார்த்தபோது, கட்டிலில் உட்கார்ந்து நேரம் பார்த்தது நீங்கள்தானே? “நம்ம கிடங்குல ஒரு பார்சல் எத்தனை கை மாறுது?” என்று கேட்டுவிட்டு ஐந்து விநாடி சும்மா நிற்க வேண்டும். எல்லோரும் யோசித்த பிறகு “பதினொண்ணு” என்று போட்டு உடைக்க வேண்டும். விரல் விட்டு அந்த ஐந்தை எண்ணியதும் நீங்கள்தான்.

நேற்று நம் ஆபீஸ் மீட்டிங்கில் எம்.டி. முன்னால் கேட்டேன், நின்றேன். மூன்று விநாடிகூட ஆகவில்லை. நீங்கள் எழுந்து, “அவளுக்குக் கொஞ்சம் பதட்டம் சார், நான் சொல்றேன்” என்று ஆரம்பித்துக் கடைசி ஸ்லைடு வரை பேசித் தீர்த்தீர்கள். கைதட்டல் உங்களுக்கு. எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர்.

“நீ மறந்துட்டியோன்னு நினைச்சேன்” என்று காரில் சொன்னீர்கள். அந்த அறையில் அப்படி நினைக்கவே முடியாத ஒரே ஆள் நீங்கள்.

திங்கட்கிழமை கிளை அலுவலகத்தில் நான் பேசுகிறேன், கேட்டு வாங்கிவிட்டேன். ஒத்திகை இங்கே அக்கா வீட்டுக் கண்ணாடி முன்னால் நடக்கிறது. அது நடுவில் வாயைத் திறப்பதில்லை.

இப்படிக்கு,
பதட்டமே படாதவள்