சந்தனம் வைத்த டிஸ்க்

புந்தோங், ஈப்போ
30.10.1988

அன்புள்ள நவமணிக்கு, அம்மா எழுதுவது.

என் உடம்புக்கு ஒன்றுமில்லை. லீட்ஸில் இந்நேரம் குளிர் இறங்கியிருக்கும், நீயும் சளி இருமல் இல்லாமல் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். அப்பாவின் நலத்தை மட்டும் வழக்கம்போல ஒரு வரியில் எழுத முடியவில்லை, அதனால்தான் நீல ஏர்மெயில் தாள் போதாமல் பள்ளிக்கூடத் தாளை எடுத்திருக்கிறேன். ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருப்பதாகப் போன வாரம் டாக்டர் சொன்னார். பிப்ரவரியில் பக்கவாதத்தில் விழுந்த வலது கை அப்படியேதான், போன பேச்சும் அப்படியேதான். ஆனால் ஆகஸ்டில் நீ விட்டுப்போன அப்பா இப்போது வீட்டில் இல்லை. நீ வைத்துவிட்டுப் போன கம்ப்யூட்டர் கெட்டுப் பத்து நாளாகிறது. அன்றிலிருந்து நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பச் சொல்லி, தெருவில் போகிற மோட்டார்சைக்கிள்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். திரும்பிப் பார்க்கச் சொன்னாலும் பார்ப்பதில்லை.

அந்தப் பெட்டியை நீ கொண்டுவந்து இறக்கியபோது எனக்கு நம்பிக்கை இல்லை என்பது உனக்குத் தெரியும். யாரோ சிநேகிதி வேண்டாமென்று கொடுத்த பழைய சாமான், இருபத்தெட்டு வருடம் தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்து டைப்ரைட்டரைத் தட்டிய மனிதர் ஒற்றை இடது விரலால் இதில் என்ன செய்யப்போகிறார், மகளின் ஆசைக்கு நாலு நாள் தட்டிவிட்டு விட்டுவிடுவார் என்றுதான் நினைத்தேன். நீயோ பச்சை ஒட்டுத்தாள் போட்ட டிஸ்க் கம்ப்யூட்டரை எழுப்புவதற்கு, சிவப்பு ஒட்டுத்தாள் போட்டது அப்பா எழுதுவதைச் சேர்த்து வைப்பதற்கு என்று சொல்லிக்கொடுத்தாய், திரையில் தோசைக்கல் அளவுக்கு எழுத்து வரும்படி நீயே ஏதோ எழுதிப் பச்சை டிஸ்கில் போட்டாய், நாலு விசைகளின்மேல் கலர் கலராகத் தாள் ஒட்டினாய். ஒரு வாரத்தில் அவர் எனக்கே ஆணை போட ஆரம்பித்துவிட்டார். தேத்தண்ணீரில் சீனி அதிகம், இனிமேல் குறைக்கவும், கிடைத்தமைக்குப் பதில் தெரிவிக்கவும் என்று ஆபீஸ் ஆங்கிலத்தில் எழுதிவிட்டு இடது கையால் மேசையைத் தட்டுவார். நான் வந்து படித்துவிட்டு, தெரிவித்துக்கொள்கிறேன் ஐயா என்று சொன்னால் வாய் ஒரு பக்கமாகக் கோணிச் சிரிப்பார். கம்ப்யூட்டர் எழும்போது தேதி கேட்டால் எண்டரை அழுத்திவிட்டுப் போங்கள் என்று நீ சொன்னாய் அல்லவா, அவர் ஒரு நாளும் அப்படி விட்டதில்லை, ஒவ்வொரு காலையிலும் தேதி போட்ட பிறகுதான் மறு வேலை. சாயங்காலங்களில் வேறொன்றும் எழுதுவார். நான் பக்கத்தில் போனால் நீல விசையை அழுத்தித் திரையை மறைத்துவிடுவார். உனக்கு எழுதுகிறார் என்று நினைத்துக்கொண்டு நானும் அடுப்படிக்குப் போய்விடுவேன்.

இனி நடந்ததைச் சொல்கிறேன், கோபப்படாமல் படி. சரஸ்வதி பூஜைக்கு என் புத்தகங்களைத் தட்டில் அடுக்கினேன், எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லையென்றாலும் வீட்டு வழக்கம் வழக்கம்தான். அப்பா கம்ப்யூட்டரைக் காட்டினார். அதைத் தூக்க முடியாது என்றேன். மறுபடியும் காட்டினார். சரி என்று அதன் வாயிலிருந்த பச்சை டிஸ்கை உருவித் தட்டில் வைத்தேன், சிவப்பு டிஸ்க் அதன் காகித உறைக்குள்ளேயே இருந்தது, அதையும் வைத்தேன். பச்சையின் உறை எப்போதோ தொலைந்துபோயிருந்தது. அப்போது, பிப்ரவரிக்குப் பிறகு முதல்முறையாக, யாரும் சொல்லாமல் அவர் இடது கை சந்தனக் கிண்ணத்துக்குப் போனது. கோப்பெங் பக்கத்துத் தோட்டத்தில் நாம் இருந்தபோது ஆயுத பூஜையன்று டைப்ரைட்டருக்கு, ஆள் பேர் பதியும் செக்ரோல் புத்தகத்துக்கு, விடியற்காலையில் ஆள் கூட்டுகிற பெரட்டு மணிக்குக்கூட அவர்தான் பொட்டு வைப்பார், உனக்கு ஞாபகமிருக்கும். கை நடுங்கியது. நான் விரலைப் பிடித்துக்கொண்டேன். டிஸ்கின் கறுப்பு உறையில் ஒரு நீள்வட்டத் திறப்பு இருக்கிறதே, உள்ளே பழுப்பாகப் பளபளவென்று தெரியுமே, பொட்டு வைக்கத் தோதான நெற்றிபோல எனக்கு அதுதான் பட்டது. சந்தனத்தை அங்கே அழுத்தினோம், அதன்மேல் குங்குமமும். சிவப்பு டிஸ்குக்கு உறையின்மேல் வைத்தோம். புவியியலில் பட்டம் வாங்கி இருபத்து மூன்று வருடம் பாடம் நடத்துகிறவள் செய்த காரியம் இது. பழியை அவர் கைமேல் போடாதே, பிடித்த கை என்னுடையது.

விஜயதசமியன்று காலையில் அந்த டிஸ்கைப் போட்டுச் சுவிட்சைத் தட்டினேன். தேங்காய் துருவுகிற மாதிரி ஒரு சத்தம். டிஸ்கில் பிழை, வேறு போடவும் என்று ஆங்கிலத்தில் வந்தது. எடுத்து ஈரத்துணியால் துடைத்துவிட்டு மறுபடி போட்டேன், சத்தம் கூடியதே தவிர வேறொன்றும் நடக்கவில்லை. பச்சை டிஸ்குக்கு ஒரு நகல் எடுத்துத் தனியாக வையுங்கள் என்று நீ மூன்று கடிதங்களில் எழுதியிருந்தாய். கதவைப் பூட்டு, குடை எடுத்துக்கொள் என்று நான் உனக்குச் சொல்வதுபோல இதுவும் ஒரு பேச்சு என்று விட்டுவிட்டேன். காலையில் அப்பாவைக் குளிப்பாட்ட வரும் செல்லாயி, சந்தனத்தை வைத்ததில் தப்பில்லை, அதைத் துடைத்ததுதான் சாமி குற்றம் என்கிறாள். வைத்ததும் நான்தான், துடைத்ததும் நான்தான் என்பதால் அவளோடு வாதம் செய்யவில்லை.

முதலில் ரேடியோக்கார பத்துமலையைக் கூப்பிட்டேன். மூடியைக் கழற்றி வெகு நேரம் உள்ளே பார்த்தான். "ரேடியோன்னா வால்வ பாக்கலாம், டிவின்னா டியூப்ப பாக்கலாம், இதுல எங்கக்கா கைய வைக்கிறது? எல்லாம் பூரான் மாதிரி கருப்பா காலு நீட்டி உக்காந்திருக்கு" என்றான். மூடியைத் திரும்ப மாட்டியபோது ஒரு திருகாணி மிஞ்சிவிட்டது, அதை டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். பிறகு நான் ஒரு அட்டையில் இருபத்தாறு எழுத்துகளையும் பெரிதாக எழுதிக் கொண்டுபோய், வேண்டியதைத் தொட்டுக் காட்டுங்கள், நான் சேர்த்துப் படித்துக்கொள்கிறேன் என்றேன். அப்பா அதைத் தள்ளிவிட்டார். கீழே விழுந்ததை எடுத்துக் கொடுத்தேன், மறுபடியும் தள்ளினார். முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. யோசித்தபோது புரிந்தது. அட்டையில் அவர் ஒவ்வோர் எழுத்தையும் தொடும்போது நான் எதிரே நின்று விரலையே பார்க்க வேண்டியிருக்கிறது. கம்ப்யூட்டர் அவரை அப்படிப் பார்க்கவில்லை. தப்பாக எழுதி, அழித்து, திருத்தி, முடித்த பிறகு மேசையைத் தட்டிக் கூப்பிடலாம். அந்தத் தனிமையை நான் எங்கிருந்து வாங்கிக் கொடுப்பேன்?

உனக்குப் போன் செய்யவில்லை. ஆகஸ்ட் கடைசியில் ஒருமுறை செய்து பட்டது போதும். போன் மளிகைக்கடையில், கம்ப்யூட்டர் வீட்டில். நீ சொன்னதைச் சீட்டில் எழுதிக்கொண்டு ஓடிவந்து பார்த்தால், தட்ட வேண்டிய கட்டளையில் வரும் சாய்ந்த கோடு எந்தப் பக்கம் சாய வேண்டும் என்று சீட்டில் இல்லை. தவிர, இந்த முறை நான் சொல்ல வேண்டியதைக் கடையில் அரிசி வாங்க நிற்கிறவர்கள் முன்னால் சொல்ல என்னால் முடியாது.

போன வியாழக்கிழமை பத்துமலையின் வேனில் பெட்டியை ஏற்றிக்கொண்டு டவுனில் மாடியில் இருக்கிற ஒரு கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். கடைக்காரர் சீனர், ஆனால் புந்தோங்கில் வளர்ந்தவர், தமிழில் நம்மைவிட நன்றாகத் திட்டுவார். பச்சை டிஸ்கை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். "என்னா ஆன்ட்டி, கம்ப்யூட்டருக்குக் கல்யாணமா? வாசமாத்தான் இருக்கு. ஆனா இது சுடா மாத்தி லா, செத்துப்போச்சு" என்றார். பெட்டிக்குள் டிஸ்கைப் படிக்கிற பாகத்தைப் பஞ்சும் ஸ்பிரிட்டும் வைத்துத் துடைத்தார், பஞ்சு மஞ்சளாக வந்தது. தன்னுடைய டிஸ்க் ஒன்றைப் போட்டதும் கம்ப்யூட்டர் எழுந்துவிட்டது. எனக்கு உயிர் வந்தது. ஆனால் திரையில் எறும்பு எழுத்தில் ஒரு வரி, பக்கத்தில் மினுக்கும் ஒரு கோடு, அவ்வளவுதான். பெரிய எழுத்து எங்கே, நீல விசை ஏன் வேலை செய்யவில்லை என்று கேட்டேன். "அது ஒங்க மவ சொந்தமா எழுதினது ஆன்ட்டி, கடையில விக்கிற சாமான் இல்ல. அவளத்தான் கேக்கணும்" என்றார்.

சிவப்பு டிஸ்க் தப்பித்ததா என்று கேட்டேன். போட்டுப் பார்த்தார். பெயர்கள் வரிசையாக வந்தன. உன் பெயரைப் பாதியாகச் சுருக்கி, ஒன்று முதல் பதினெட்டு வரை எண் போட்டு, கிராணி அல்லவா, ஒழுங்காகக் கோப்பு கட்டி வைத்திருக்கிறார். கடைசியில் எண்ணில்லாமல் ஒன்று. பூஜைக்கு முந்தின நாள் தேதி. பெயர் டீச்சர். கல்யாணமான நாளிலிருந்து உன் அப்பா என்னை வேறு எப்படியும் கூப்பிட்டதில்லை என்பது கடைக்காரருக்கு எப்படித் தெரியும்? "இது யாரு, டியூசன் டீச்சரா?" என்று கேட்டுக்கொண்டே ஏதோ தட்டினார். திரை முழுக்கச் சிரிக்கிற முகங்களும் இதயங்களும் சீட்டுக்கட்டு ஸ்பேடுகளுமாக ஓடின, நடுவில் முறிந்த எழுத்துகள், பெட்டி வேறு கீச் கீச்சென்று கத்தியது. "அய்யோ ஆன்ட்டி, அங்கிள் லவ் லெட்டருல்ல எழுதி வச்சிருக்காரு!" என்றார். கடையிலிருந்த எல்லாரும் சிரித்தார்கள், பத்துமலையும் சிரித்தான். பிறகு அவரே, பயப்படாதீங்க, மெஷினுக்குப் புரியாததை இப்படித்தான் காட்டும், அதுக்கு ஒங்க மவளோட டிஸ்க் வேணும் என்று சொன்னார். அந்த இதயங்கள் அப்பா போட்டவை அல்ல என்று எனக்கும் தெரியும். ஐம்பதை நெருங்குகிறவள் அப்படியெல்லாம் ஏமாற மாட்டேன். இருந்தாலும் அவர் கையிலிருந்து அந்த டிஸ்கை வாங்கி, உறைக்குள் போட்டு, கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் வைத்தேன்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம், எனக்கு ஒன்று எழுதி வைத்திருக்கிறீர்களாமே என்றேன். ஜன்னலிலிருந்து திரும்பி என்னைப் பார்த்தார். இடது கை ஆள்காட்டி விரல் நாற்காலியின் மரக்கையில் தட்டியது. நின்றது. மறுபடி வேறு இடத்தில் தட்டியது. எழுத்துகள்தான், ஆனால் எவை என்று எனக்குத் தெரியவில்லை. நான் தலையசைத்தேன், புரிந்தவள்போல. புரியவில்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. விரலை மடக்கிக்கொண்டு ஜன்னலுக்குத் திரும்பிவிட்டார்.

அதனால் இந்தக் கடிதம் கிடைத்த அன்றே பச்சை டிஸ்கைப் புதிதாகச் செய்து ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பு. தீபாவளிக்குப் பத்து நாள்கூட இல்லை, அதற்குள் வராது என்று தெரியும். இந்த வருடம் முறுக்கு மட்டும்தான், பலகாரம் வேறு ஒன்றும் சுடவில்லை. எதைப் போட வேண்டும், எதை அழுத்த வேண்டும் என்று ஒரு வரிக்கு ஒன்றாக எழுது, எனக்குத் தெரிந்திருக்கும் என்று எதையும் விட்டுவிடாதே, சாய்ந்த கோட்டைப் படமாகவே போட்டுவிடு. சிவப்பு டிஸ்கை நான் அனுப்பப் போவதில்லை, உன் பதினெட்டையும் அப்பாவே உனக்கு அனுப்பட்டும். என்னுடைய ஒன்றை எப்படித் திறப்பது என்று மட்டும் சொல்லிக்கொடு, நானே திறந்துகொள்கிறேன்.

முழங்கால் வரை காலுறை போடு, ராத்திரி தலையை நனைக்காதே. நீ நல்ல பெயரோடு படித்து முடித்து வர அப்பாவின் ஆசியும் என் ஆசியும் என்றும் உண்டு. இந்த முறை டிஸ்கை இரண்டாக அனுப்பு, ஒன்றைப் பீரோவில் பூட்டி வைக்கிறேன். ஆனால் அடுத்த வருடமும் அவர் கை சந்தனக் கிண்ணத்துக்கு நீண்டால் வேண்டாமென்று என்னால் தடுக்க முடியாது. ஆகவே பொட்டை எங்கே வைத்தால் கெடாதோ, அந்த இடத்தில் பேனாவால் ஒரு சிறிய வட்டம் போட்டு அனுப்பு.

இப்படிக்கு,
அம்மா