கேட்காமல் சொன்ன உம்

பூந்தமல்லி
வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுதுவிட்டு வந்து

அன்பு மகள் ரைஹானாவுக்கு அத்தா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் எனக்கு உடம்பில் குறை ஒன்றுமில்லை, நீயும் அந்தக் கால்கரிக் குளிரில் நோய்நொடி இல்லாமல் இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் துஆ செய்கிறேன். போன் இருக்கும்போது இதென்ன கடிதம் என்று நினைப்பாய். வாரம் தவறாமல் நீ கூப்பிடுகிறாய், சாப்பிட்டீங்களா என்கிறாய், உம் என்கிறேன், மாத்திரை போட்டீங்களா என்கிறாய், உம் என்கிறேன், உனக்கு எப்படி இருக்கிறது என்று நான் கேட்டால் நீயும் உம் என்கிறாய், ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடுகிறது. காகிதத்தில் நடுவில் யாரும் உம் சொல்ல முடியாது, அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

இங்கே செய்தி என்று பார்த்தால் நம் தெருவை மூன்றாம் தடவையாகத் தோண்டியிருக்கிறார்கள், என் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, மீன்காரம்மா அஞ்சலை உன்னை விசாரித்தாள். போன மாதம் என் பழைய மாணவன் வெங்கட் ஆவடியில் இருந்து பார்க்க வந்தான், அவனும் வாத்தியாராகிவிட்டானாம். சார், கேள்னா காது குடுக்கிறதும் கேள்தான், கேள்வி கேக்கிறதும் கேள்தான், ரெண்டும் சேந்தாதான் படிப்புன்னு சொல்வீங்களே, அதையேதான் நானும் புள்ளைங்களாண்ட சொல்லிகினு கீறேன் என்றான். நான் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டேன். முப்பத்தோரு வருஷம் வகுப்பில் கேள்வி கேட்காத பையனை எழுப்பி நிற்க வைத்தவன் நான், வீட்டில் உன் நிக்காஹ்வுக்கு முந்தின வாரம் அத்தா உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும் என்று நீ மூன்று முறை வந்து நின்றாய், மூன்று முறையும் அப்புறம் பார்க்கலாம் என்றேன். சென்னீர்குப்பம் மண்டபத்தில் பெரியவர்கள் மூன்று பேர் உன்னிடம் சம்மதம் கேட்க வந்தபோது கூட நான் அங்கே இல்லை, பெண் வாய் திறக்காமல் இருந்தாலே சம்மதம் என்று எடுத்துக்கொள்வது வழக்கம்தானே என்று பிரியாணி அண்டாவைப் பார்க்கப் போய்விட்டேன். நீ வாயைத் திறந்து வேண்டாம் என்றாய். மாப்பிள்ளை அஸ்கர் வீட்டார் சாப்பிடாமல் எழுந்து போனார்கள், இனி இந்த வீட்டுப் படி ஏறாதே என்று அன்றைக்கு நான் சொன்னது உனக்கு மறந்திருக்காது. நாலு வருஷம் உன்னோடு பேசவில்லை. அம்மா மவுத்தான அன்று போனில் நீ அழுதுகொண்டே நான் வரட்டுமா அத்தா என்று கேட்டாய், அதற்கும் பதில் சொல்லாமல் போனைப் பக்கத்தில் இருந்தவர் கையில் கொடுத்துவிட்டேன். அதற்கப்புறம் நீயாகத்தான் வாரா வாரம் கூப்பிட ஆரம்பித்தாய்.

அம்மா போய் ஏழு மாதமாகிறது. இந்த வீட்டில் நான் எதைப் பேசினாலும் சமையலறையில் இருந்து அவளுடைய உம் வந்துவிடும், அது வந்த பிறகுதான் எனக்கு அடுத்த வாக்கியம் வரும், இதெல்லாம் அவள் இருந்தவரை எனக்குத் தெரியவே தெரியாது. உன்னையும் அப்படித்தான் பழக்கினாள். அவள் கதை சொல்லும்போது நீ உம் கொட்டுவதை நிறுத்தினால் கதையும் அங்கேயே நின்றுவிடும், ஒட்டகத்தைத் தொலைத்த வியாபாரி கதையில் ஒவ்வொரு தடவையும் அந்த ஆள் ஆற்றங்கரைக்கு வருவதற்குள் நீ தூங்கிவிடுவாய், அவனுக்கு ஒட்டகம் கிடைத்ததா இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இப்போது மழை வரும்போல இருக்கிறதே என்று வாய்விட்டுச் சொன்னால் கூட அவள் உம் வரவேண்டிய இடம் சும்மா நிற்கிறது, நானும் அதனோடு நிற்கிறேன். சில சமயம் பிரிட்ஜ் மோட்டார் ஓட ஆரம்பிக்கும்போது ஒரு உம் கேட்கிறது. அது பிரிட்ஜ்தான் என்று தெரியும், தெரிந்தும் மேலே பேசிவிடுகிறேன், ஒருநாள் அரைமணி நேரம் பேசியிருக்கிறேன், நல்லவேளை யாரும் பார்க்கவில்லை. அதுவும் பழைய பிரிட்ஜ், எத்தனை நாளைக்கு ஓடுமோ என்று நினைத்தாலே பயமாக இருக்கிறது.

அம்மாவின் கடைசி நாளைப் பற்றி உனக்கு முழுதாகச் சொன்னதில்லை. மதியம் நான் டிவியில் விவாதம் பார்த்துக்கொண்டிருந்தேன், நாலு பேர் ஒரே நேரத்தில் கத்துவார்களே அதுதான், நான் ஐந்தாவது ஆளாக இங்கிருந்து பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். அம்மா சமையலறையில் இருந்து ஏங்க என்று ஏதோ கேட்டாள். உம் என்றேன். மிக்சியை நிறுத்திவிட்டு வாசற்படி வரைக்கும் வந்து இன்னொரு தடவை கேட்டாள், நெசமாத்தானே சொல்றீங்க என்றது மட்டும் காதில் விழுந்தது. அதற்கும் டிவியைப் பார்த்தபடியே உம் என்றேன். அவள் சிரித்தாள், போகிற போக்கில் என் தோளில் கை வைத்து அழுத்திவிட்டுப் போனாள். அஸர் தொழுதுவிட்டு, போனில் அலாரம் வைத்துக்கொண்டு படுத்தாள். ஆறரைக்கு அலாரம் அடித்தது, நிற்கவே இல்லை. அதை அணைச்சாதான் என்ன என்று சத்தம் போட்டுக்கொண்டே உள்ளே போனேன். நான்தான் அணைத்தேன். அவள் தினமும் அடிக்கிற மாதிரி வைத்துவிட்டாள் போல, இன்றைக்கும் சாயங்காலம் ஆறரைக்கு அவள் போன் அடிக்கிறது, அதை நிரந்தரமாக நிறுத்தக் கை வரவில்லை, சார்ஜ் போட்டு வைத்திருக்கிறேன். என்ன கேட்டாள், நான் எதற்கு உம் சொன்னேன், அந்த அலாரம் எதற்கு என்று ஏழு மாதமாக இதே நினைப்புதான். கடைசியாக அவள் கேட்டது எனக்குத் தெரியாமலே போய்விட்டதே என்று சோறு பிசையும்போது கூட கை நின்றுவிடும்.

எதிர் வீட்டு ஆக்னஸ், உன் அம்மாவை அடக்கம் செய்த மறுநாளே மகள் பிரசவத்துக்கு விழுப்புரம் போனவள், போன செவ்வாய்க்கிழமைதான் திரும்பி வந்தாள். வந்ததும் முதல் வேலையாக என் வாசலில் நின்று, இன்னா சார், ரைஹானா பாப்பா இன்னும் வர்லியா என்றாள். எனக்குப் புரியவில்லை. அன்னிக்கி அக்கா எங்கூட்டுக்கு ஓடியாந்துச்சு சார், பொண்ண வரச் சொல்லட்டான்னு ரெண்டு வாட்டி கேட்டேன் ஆக்னஸு, ரெண்டு வாட்டியும் உம்னுட்டாரு, இப்ப அங்க ராத்திரி, தூங்கிகினு இருப்பா, நமக்கு ஆறரை ஆனாதான் அங்க விடியும், அப்பால போன் போடப் போறேன்னுச்சு, நீங்க சொல்லியிருப்பீங்கன்னுல்ல நான் நெனச்சுகினு கீறேன் என்றாள். அவள் போன பிறகு உட்கார்ந்து அழுதேன் ரைஹானா, இதை எழுத எனக்கு வெட்கமில்லை. உன் அம்மா அவ்வளவு சந்தோஷமாகப் போயிருக்கிறாள், நான் காதில் வாங்காமலே சொன்ன ஒரு உம்மை நம்பி. உன் தூக்கம் கெடக்கூடாது என்று காத்திருந்தவள் உன்னிடம் சொல்லாமலே போய்விட்டாள், அந்தச் சேதி ஏழு மாதமாக அந்த அலாரத்துக்குள்ளேயே கிடந்திருக்கிறது.

அவள் சொல்ல இருந்ததை நான் சொல்கிறேன். அன்றைக்குக் கேட்காமல் உம் சொன்னேன், இப்போது கேட்டுவிட்டுச் சொல்கிறேன், வீட்டுக்கு வா. அந்த நிக்காஹ்வுக்கு முந்தின வாரம் நீ கேட்க வந்த ஒன்றையும் வந்து கேள், டிவி ஓடாது, அப்புறம் என்று சொல்ல மாட்டேன், பதில் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்கிறேன். அந்த ஒட்டகக்காரன் கதையும் எங்கே நின்றது என்று உனக்கு ஞாபகம் இருந்தால் சொல்.

குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ, வெறும் வயிற்றோடு வேலைக்குப் போகாதே, அம்மாவுக்காக யாசீன் ஓது. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் நிம்மதியும் தரட்டும். கடிதம் கிடைத்ததும் மறக்காமல் நம் நேரம் சாயங்காலம் ஆறரைக்குக் கூப்பிடு, அம்மா போன் நம்பருக்கே கூப்பிடு, நான் எடுக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அத்தா
அப்துல் முத்தலிப்

பி.கு.: எழுதி முடித்துவிட்டு உரக்கப் படித்துப் பார்த்தேன். வீட்டுக்கு வா என்ற இடத்தில் நிறுத்தி, சமையலறைப் பக்கம் காது கொடுத்தேன். பிரிட்ஜ் கூடச் சத்தம் போடவில்லை. நீதான் சொல்ல வேண்டும்.