கழுவிக் கவிழ்த்த டப்பா

விருதுநகர்,
வியாழன்.

அன்புள்ள சூர்யபிரகாஷுக்கு,

பட்டாசு ஆலைக்கு வரும் அலுமினியப் பொடியில் ஒரு பிடி எடுத்துச் சோதனைக்கு அனுப்பி, முடிவு வரும்வரை மூட்டையைப் பிரிக்க விடாத சம்பந்தி வீடு, சொந்தப் பேத்தியின் மலத்தை மட்டும் ஏன் சோதிக்க விடமாட்டேன் என்கிறது? எனக்குத் தெரியவில்லை. நீ அங்கே சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நானும் அப்பாவும் சுகம். சிவகாசியில் உன் தங்கை பிரீத்திகாவின் குழந்தைக்குத்தான் சரியில்லை. போனில் சொன்னால் பாதியிலேயே சமாதானம் சொல்வாய் என்பதால் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வயிற்றுப்போக்கு ஆரம்பித்தது. வெறும் தண்ணீராகப் போனால் சோதனையே வேண்டாம், உப்புச் சர்க்கரைக் கரைசலும் ஜிங்க் மருந்தும் தாய்ப்பாலும் போதும், பெரும்பாலும் தானே நின்றுவிடும். நானும் முதலில் அதைத்தான் சொன்னேன். மறுநாள் ரத்தமும் சளியுமாகப் போய்க் காய்ச்சலும் வந்தது. டாக்டர் கொடுத்த மருந்து இரண்டு நாளாகியும் கேட்கவில்லை. எந்தக் கிருமி, அதற்கு எது கேட்கும் என்று தெரியவேண்டும், மலத்தைக் கல்ச்சருக்குக் கொடுங்கள் என்று நேற்று எழுதிக் கொடுத்தார். லேபில் டப்பா வாங்கி, டயப்பரிலிருந்து வழிக்காதே, பிடித்த உடனே அனுப்பு என்று பிரீத்திகாவிடம் சொல்லிவிட்டு வந்தேன். அவள் மாமியார் யோகலட்சுமி, "என்ன மதினி, காலேஜ்ல பிள்ளைகளுக்கு எடுக்கிற பாடத்த எங்க வீட்லயும் எடுக்கீகளே" என்று சிரித்தார். லேபுக்காரர் தெரிந்தவராம், கம்பெனி வீட்டுப் பிள்ளைக்குச் சீதபேதி என்று ஊருக்குத் தெரிந்தால் அசிங்கமாம். பாப்பாவுக்குத் தொக்கம்தான், தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது, எடுத்தால் சரியாகிவிடும் என்று இன்று காலை தாயில்பட்டிக்குக் காரில் கொண்டுபோனார்கள். அங்கே ஒருவர் தொண்டையைத் தடவி, வாயில் ஊதி, சிக்கியிருந்தது இதுதான் என்று ஒரு தேங்காய்ச் சில்லைக் காட்டினாராம். குழந்தை இன்னும் தேங்காயே தின்றதில்லை. மாப்பிள்ளை ஹரிஷ்குமார் அதையும் பார்த்துவிட்டு, "அம்மா சொல்றாகள்ல அத்தை, ரெண்டு நாள் பாப்போம்" என்கிறார். இன்ஜினியரிங் படித்தவர். உன் அப்பாவோ, பெண் கொடுத்த இடம், விட்டுப் பிடி என்கிறார். குழந்தை சோர்ந்து கிடக்கிறது. அழும்போது கண்ணீர் வரவில்லை என்றால் யாரையும் கேட்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடு என்று சொல்லியிருக்கிறேன்.

யோகலட்சுமி மேல்கூட எனக்கு அவ்வளவு கசப்பில்லை. பிரீத்திகா எதற்கும் "சரிம்மா" என்கிறாள், அந்தச் சரிக்கு என்ன அர்த்தம் என்று தெரியாமலே போனை வைக்கிறேன். அவளுக்கும் கிருமி என்றால் என்ன என்று நான்தானே சொல்லிக் கொடுத்தேன். நீ ஒரு தடவை அவளோடு பேசு, மறந்துவிடாதே. நாளைக் காலை நானே போய் டப்பாவை வாங்கி லேபில் கொடுக்கப் போகிறேன். வெளிச் சாப்பாட்டைக் குறைத்துக்கொள். தீபாவளிக்கு லீவு கேட்டாயா? உடம்பும் மனசும் கெடாமல் நீ நன்றாக இருக்க வேண்டும்.

அம்மா

வெள்ளி, சாயங்காலம். போனேன். டப்பா சமையல் மேடையில் கழுவிக் கவிழ்த்திருந்தது. யோகலட்சுமியைப் பார்த்தேன். பிரீத்திகா, "நான்தாம்மா கழுவுனேன், அத்தைக்குப் பிடிக்கல" என்றாள். மடியில் பிளாஸ்டிக் தாளை விரித்து, டயப்பரைக் கழற்றிக் குழந்தையை வைத்துக்கொண்டு அவர்கள் கூடத்துச் சோபாவிலேயே உட்கார்ந்தேன். "சோபா மதினி, சோபா" என்று யோகலட்சுமி கத்திக்கொண்டிருக்கும்போதே குழந்தை தாளில் மலம் கழித்தாள். கைப்பையில் இன்னொரு டப்பா இருந்தது, புதன்கிழமையே இரண்டு வாங்கியிருந்தேன். பிரீத்திகா குழந்தையைக் கழுவ வாங்கிக்கொண்டாள். வாசல் வரை வரவில்லை. லேபில் கொடுத்துவிட்டேன். முடிவு திங்கட்கிழமை.